பதினோரு டாலர் அட்டவணை

வணிக நெறி கற்பிக்கும் வகுப்பறைகளில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கணக்கு எழுதப்பட்டு வருகிறது. தீயில் கருகிச் சாகக்கூடியவர்கள் 180 பேர், ஆளுக்கு 2 லட்சம் டாலர். கடுமையான தீக்காயம் படக்கூடியவர்கள் 180 பேர், ஆளுக்கு 67,000 டாலர். எரிந்துபோகும் வண்டிகள் 2,100, ஒவ்வொன்றுக்கும் 700 டாலர். மொத்தம் ஏறத்தாழ 4 கோடியே 95 லட்சம் டாலர். மறுபக்கத்தில் 1 கோடியே 10 லட்சம் கார்கள், 15 லட்சம் சிறு லாரிகள், வண்டிக்கு 11 டாலர். மொத்தம் 13 கோடியே 70 லட்சம் டாலர். உயிர்களைக் காப்பாற்றக் கூடுதல் செலவாகிறது, சாகவிடுவது மலிவு.

இந்த அட்டவணையோடு எப்போதும் ஒரு கதையும் வரும். ஃபோர்டு நிறுவனத்தின் பின்டோ என்ற சிறிய காரைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடித்தால் பெட்ரோல் டேங்க் உடைந்து தீப்பிடிக்கும். நிறுவனத்துக்கு அது தெரியும். காருக்கு 11 டாலர் செலவழித்துச் சரிசெய்வதைவிட, செத்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்துவிடுவது லாபம் என்று மேலே எழுதியபடி கணக்குப் போட்டு, காரை அப்படியே விற்றது. கேட்பவர் வயிறு எரியும் கதை இது.

அட்டவணை உண்மையானது. ஃபோர்டு பொறியாளர்கள் தயாரித்ததுதான். அதிலுள்ள எண்களில் எதையும் யாரும் மாற்றவில்லை. ஆனால் அது பின்டோவைப் பற்றியதே இல்லை. அப்படியானால், தொடர்பில்லாத ஒரு தாள் எப்படி இந்த வழக்கின் முதன்மைச் சாட்சியாகியது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு தவறான வாதம் எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, ஏன் சாகாமல் இருக்கிறது என்பதை இந்தத் தாளின் பயணத்தைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் அறியேன்.

அது பிறந்தது 1973-ஆம் ஆண்டு. ஃபோர்டின் சுற்றுச்சூழல், பாதுகாப்புப் பொறியியல் பிரிவில் இருந்த கிரஷ், சான்பி என்ற இருவர் எழுதிய அறிக்கை. விபத்தில் எரிபொருள் கசிந்து தீப்பிடித்து நேரும் மரணங்கள் குறித்தது. அப்போது அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கார்களுக்குப் புதிய விதிகள் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தது. அவற்றில் ஒன்று, வண்டி கவிழ்ந்தாலும் எரிபொருள் கசியக் கூடாது என்பது. அந்த விதியை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஃபோர்டு அரசுக்கு எழுதியபோது இந்த அறிக்கையையும் இணைத்தது. ஆக, அலமாரியில் பூட்டிவைத்த ரகசியமாக இது பிறக்கவில்லை. அரசு படிக்க வேண்டும் என்றே எழுதப்பட்டது.

அட்டவணையின் தலைப்பிலேயே 'கவிழ்தல் சோதனை' என்று இருக்கிறது. பின்னாலிருந்து இடிபடுவதைப் பற்றி அதில் ஒரு எண்கூட இல்லை. 1 கோடியே 25 லட்சம் வண்டிகள் என்ற எண்ணைப் பாருங்கள். பத்து ஆண்டுகளில் தயாரான பின்டோக்கள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 30 லட்சம்தான். அட்டவணையில் இருப்பது எல்லா நிறுவனங்களும் சேர்ந்து அமெரிக்காவில் அன்று ஓராண்டில் விற்ற கார்களும் சிறு லாரிகளும். பின்டோ என்ற லாரி இருந்ததில்லை. தாளை முழுதாகப் படித்த எவரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும்.

ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர் என்ற விலைக்கும் ஃபோர்டு காரணமில்லை. பாதுகாப்பு நிர்வாகமே 1972-இல் வெளியிட்ட எண் அது. துல்லியமாக 2,00,725 டாலர். இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் உழைத்து ஈட்டியிருக்கக்கூடியது, மருத்துவச் செலவு, நீதிமன்றச் செலவு என்று பல கூறுகள். இறுதிச் சடங்குக்கு 900. அவர் பட்ட வேதனைக்கு 10,000. சாலைக்குத் தடுப்புச் சுவர் கட்டுவதா, விளக்குப் போடுவதா என்று முடிவு செய்யும் எந்த அரசும் இப்படியொரு எண்ணை எங்காவது வைத்தே ஆக வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து மனம் சுருங்குவதும் சரியே. இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும்.

இதனால் அறிக்கை மாசற்றது என்று நான் சொல்லவில்லை. விதி வேண்டாம் என்ற முடிவை நோக்கி எழுதப்பட்ட வாதம் அது. மரணமும் கடும் தீக்காயமும் சரிக்குச் சரி, 180-க்கு 180 என்பது நம்பும்படி இல்லை. தீ விபத்தில் உயிர் தப்பி உடல் வெந்துபோகிறவர்கள் செத்தவர்களைவிடப் பலமடங்கு இருப்பார்கள். அந்த ஒரு வரியை உயர்த்தினாலே இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். அறிக்கையின் பலவீனம் அங்கே இருந்தது. உலகம் அதைத் தாக்காமல் வேறொன்றைத் தாக்கியது.

பின்டோவின் கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த சிறிய கார்களுக்குப் போட்டியாக, 2,000 பவுண்டு எடைக்கு மேல் போகக் கூடாது, 2,000 டாலர் விலைக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு ஃபோர்டின் உயர் அதிகாரி லீ அயக்கோக்கா முன்னின்று கொண்டுவந்த கார். வழக்கத்தைவிட அவசரமாக உருவாக்கி 1970 செப்டம்பரில் விற்பனைக்கு விட்டார்கள். பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவே. அக்காலச் சிறிய கார்களில் அது பொதுவான இடம்தான். ஆனால் பின்டோவில் அச்சுக்குப் பின்னால் நசுங்க இருந்த இடம் 9, 10 அங்குலம், ஏறத்தாழ ஒரு சாண். இடித்தால் டேங்க் முன்னால் தள்ளப்பட்டு அச்சுப் பகுதியில் துருத்திய போல்ட்டுகள் அதைக் கிழிக்கும். பெட்ரோல் ஊற்றும் குழாயும் பிய்ந்துவரும். மணிக்கு 20 மைல் வேக மோதல் சோதனையிலேயே மாதிரி வண்டிகள் கசிந்தன. பின்பக்க மோதலுக்கான மத்திய விதி எதுவும் அப்போது நடைமுறையில் இல்லை. 1977 மாடல் கார்களுக்குத்தான் அது வந்தது. அன்றைய மத்திய விதிகளின்படி பின்டோ குற்றமற்றது.

1972-இல் கலிஃபோர்னியா நெடுஞ்சாலையில் ஒரு புதிய பின்டோ நடுவழியில் நின்றுபோனது. பின்னால் வந்த கார் இடித்தது. ஓட்டிய பெண் இறந்தார். உடன் வந்த 13 வயதுச் சிறுவன் முகமும் உடலும் வெந்து, பிழைத்து, ஆண்டுக்கணக்கில் அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆளானான்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும். கார் 1970. அந்த விபத்து 1972. அட்டவணை 1973. காரை வடிவமைத்தபோது இல்லாத தாள், அந்த வடிவமைப்புக்குக் காரணமாக இருக்க வழியில்லை.

1977-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த 'மதர் ஜோன்ஸ்' இதழில் மார்க் டௌவி எழுதிய கட்டுரை வெளியானது. உழைத்து எழுதிய கட்டுரை. மோதல் சோதனைகள், மலிவான மாற்று வழிகள், விதிகளைத் தள்ளிப்போட நிறுவனம் ஆண்டுக்கணக்கில் செய்த வேலைகள் எல்லாம் அதில் உண்டு. டேங்குக்குள் ஒரு ரப்பர் பை வைத்தால் சுமார் 5 டாலரில் முடிந்திருக்கும் என்று காட்டும் உள் ஆவணத்தையும் அவர் தேடிப் பிடித்திருந்தார். நடுவே இந்த அட்டவணையும் அச்சானது. 'கவிழ்தல் சோதனை' என்ற தலைப்போடுதான் அச்சானது. ஆனால் படிப்பவர் கண் எண்களுக்குத் தாவிவிடுகிறது. சுற்றியுள்ள பத்திகள் முழுவதும் பின்டோவைப் பற்றி இருக்கும்போது, நடுவில் இருக்கும் பெட்டியும் பின்டோவுடையது என்றே மனம் எடுத்துக்கொள்ளும். பின்டோ தீயில் செத்தவர்கள் 500 முதல் 900 பேர் என்று கட்டுரை மதிப்பிட்டது. அதன்பின் பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்து உறுதிசெய்த எண் 27.

நம் மரபில் இந்தப் பிழைக்கு ஒரு பெயரும் இடமும் உண்டு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித் தருகிறார். நிறுவ வேண்டியது பக்கம், அதற்கான காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். ஒவ்வொன்றிலும் எத்தனை விதப் போலிகள் நுழையும் என்று அடுக்குகிறார். ஏதுப்போலி மட்டும் பதினான்கு. அவற்றில் முதல் குடும்பம் அசித்தம்: எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோமோ அதில் அந்தக் காரணம் இருப்பதே உறுதிப்படாத நிலை. மலையில் நெருப்பு என்று சொல்லப் புகையைக் காட்டினால், புகை அந்த மலையில்தான் எழுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்டோ வழக்கில் புகை உண்மை, நெருப்பும் உண்மை. காட்டிய புகை வேறு மலையுடையது.

நீதிமன்றத்தில் நடந்தது கதையில் சொல்லப்படுவதைவிட ஒழுங்கானது. அந்தச் சிறுவன் தொடுத்த வழக்கில் 1978 பிப்ரவரியில் ஜூரி 12 கோடியே 50 லட்சம் டாலரை, இழப்பீட்டுக்கு மேல் தண்டனைத் தொகையாக மட்டும் விதித்தது. நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981-இல் அதை உறுதி செய்தது. இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் ஜூரி கொதித்தெழுந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்த ஜூரியின் முன் இந்த அட்டவணை சாட்சியமாக வரவே இல்லை.

வந்தவை வேறு. சோதனை முடிவுகள் வந்தன. எரிபொருள் அமைப்பை வலுப்படுத்துவதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டால் 2 கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்று சொல்லும் 1971-ஆம் ஆண்டின் இன்னொரு ஆவணம் வந்தது. ஃபோர்டிலேயே உயர் பதவியில் இருந்த ஹார்லி காப் என்ற பொறியாளர் நிறுவனத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார். மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது, அதை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். பின்பகுதிச் சட்டத்தை வலுப்படுத்தி, அச்சின் துருத்தல்களை வழவழப்பாக்கி, பம்பரை மேம்படுத்தி, நசுங்கும் இடத்தைக் கூட்டியிருந்தால், 34 முதல் 38 மைல் வேக மோதலிலும் டேங்க் தப்பியிருக்கும். மொத்தச் செலவு காருக்கு 15 டாலர் 30 சென்ட்.

ஆக, குற்றத்தை நிறுவ 15.30 என்ற எண் இருந்தது. அது பின்டோவின் எண். நீதிமன்றம் சலித்து எடுத்த எண். ஆனால் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது 11-ஐ. இது எனக்குத் தீராத வருத்தம் தருகிறது, காரணமும் புரிகிறது. 15.30 ஒரு பொறியியல் அலட்சியத்தைச் சொல்கிறது. 11-க்குப் பக்கத்திலோ 180 பிணங்களும் ஒரு கூட்டல் கோடும் இருக்கின்றன. ஒருவர் உட்கார்ந்து மரணத்தைக் கூட்டிக் கழித்தார் என்ற படம், பத்துப் பேர் கூட்டத்தில் எதையோ தள்ளிப்போட்டார்கள் என்ற படத்தைவிட ஆழமாகப் பதிகிறது.

1978 ஜூனில் ஃபோர்டு 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, டேங்குக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பும் நீளமான குழாயும் பொருத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இண்டியானாவில் ஒரு பின்டோ எரிந்து மூன்று இளம்பெண்கள் இறந்தார்கள். மாநிலம் ஃபோர்டு மீதே குற்றவியல் வழக்குத் தொடுத்தது. 1980 மார்ச்சில் விடுதலை. பெரும்பாலான பழைய உள் ஆவணங்களை நீதிபதி ஏற்கவில்லை.

அதன்பின் அட்டவணை பாடநூல்களுக்குள் குடிபுகுந்தது. ஒருவர் இன்னொருவரிடமிருந்து எடுத்துப் போட, தலைப்பு உதிர்ந்தது. லாரிகள் என்ற வரி சில இடங்களில் காணாமல் போனது. அரசுக்கு அனுப்பிய அறிக்கை 'ரகசியக் குறிப்பு' ஆனது. ஹார்வர்டில் மைக்கேல் சாண்டல் தத்துவ வகுப்பில் இதை எடுத்துக்காட்டாக்கினார். 2009-இல் வந்த அவருடைய 'ஜஸ்டிஸ்' நூலிலும் 1 கோடியே 25 லட்சம் வண்டிகள் என்ற எண் பின்டோவின் பேரில்தான் நிற்கிறது. உயிருக்கு விலை வைக்கலாமா என்ற அவருடைய கேள்வி ஆழமானது. அதற்கு இந்த அட்டவணை பொருந்தவும் செய்யும். பின்டோவோடு சேர்த்துச் சொல்லும்போதுதான் பொருத்தம் கெடுகிறது.

இந்தப் பயணத்தில் ஒரு மனிதரைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். டெனிஸ் ஜியோயா, 1973-இல் ஃபோர்டில் திரும்ப அழைக்கும் பணியின் ஒருங்கிணைப்பாளர். எரிந்த பின்டோ ஒன்றை நேரில் பார்த்தவர். திரும்ப அழைக்க வேண்டியதில்லை என்று வாக்களித்தவர்களில் ஒருவர். தாமே பின்டோ ஓட்டியவர், அதைத் தம் சகோதரிக்கே விற்றவர். பிறகு பேராசிரியராகி, அதே வழக்கை மாணவர்களுக்குக் கற்பித்தார். 1992-இல் அவர் எழுதிய கட்டுரையில் உயிரையும் காசையும் எடைபோடும் வில்லன் யாருமில்லை. மேசையில் குவிந்த கோப்புகள், ஒன்றைவிட இன்னொன்று அவசரம், எந்தக் கோப்பைப் பெரிதாக எடுப்பது என்பதற்கு ஏற்கெனவே பழகிய அளவுகோல்கள். பின்டோ அந்த அளவுகோலில் பெரிதாகத் தெரியவில்லை. அறம் சார்ந்த கேள்வியாக அது தம் கண்ணில் படவே இல்லை என்கிறார். அட்டவணையைவிட எனக்கு இது அதிக அச்சம் தருகிறது.

கலிஃபோர்னியாவின் சட்டப் பேராசிரியர் கேரி ஷ்வார்ட்ஸ் 1991-இல் இந்த வழக்கின் கட்டுக்கதைகளைப் பிரித்துக் காட்டி நீண்ட கட்டுரை எழுதினார். அட்டவணையின் உண்மைப் பிறப்பு அதன் வழியாகத்தான் பலருக்குத் தெரியவந்தது. ஆனால் திருத்தத்தையே பிடித்துக்கொண்டு மறுகரைக்கு ஓடியவர்கள் வந்தார்கள். அட்டவணை பின்டோவுடையது இல்லையா, அப்படியானால் பின்டோ நல்ல கார்தான், பத்திரிகை கிளப்பிய வீண் பழி என்றார்கள். ஒரு முடிவுக்குச் சொன்ன காரணம் விழுந்தால் முடிவும் விழுந்தது என்று கொள்வது முதல் பிழைக்குச் சற்றும் குறையாத பிழை. ஷ்வார்ட்ஸ் அப்படிச் சொல்லவில்லை. அவர் எடுத்துக்காட்டிய 1975, 1976 ஆண்டுகளின் எண்களையே பாருங்கள். சாலையில் ஓடிய கார்களில் பின்டோ 1.9 சதவீதம். தீப்பிடித்த உயிரிழப்பு விபத்துகளிலும் 1.9 சதவீதம். இதை மட்டும் காட்டினால் பின்டோ மற்றக் கார்களைப் போன்றதே. பின்னாலிருந்து இடிபட்டுத் தீப்பிடித்த உயிரிழப்பு விபத்துகளை மட்டும் பிரித்தால் பின்டோவின் பங்கு 4.1 சதவீதம். குறை எங்கே இருந்ததோ அங்கே எண் இரட்டிப்பாகிறது. எண்ணிக்கையில் சிறியது என்பதும் உண்மை, தவிர்த்திருக்கக்கூடியது என்பதும் உண்மை.

அட்டவணைக்கு ஒரு உடன்பிறப்பு இருந்தது. அதே 1973-இல், ஜெனரல் மோட்டார்ஸில் எட்வர்ட் ஐவி என்ற பொறியாளர், எரிபொருள் தீயில் சாகும் 500 பேர், ஆளுக்கு அதே 2 லட்சம் டாலர், சாலையில் உள்ள 4 கோடியே 10 லட்சம் கார்கள் என்று வகுத்து, காருக்கு 2 டாலர் 40 சென்ட் என்று எழுதினார். ஃபோர்டு தாளைப் போல அரசுக்கு எழுதியது அன்று, நிறுவனத்துக்குள் எழுதியது. 1999-இல் லாஸ் ஏஞ்சலஸில், கார் எரிந்து ஒரு குடும்பம் வெந்துபோன வழக்கில் ஜூரி முன் அது வந்தது. ஜூரி விதித்த தொகை 490 கோடி டாலர். நீதிபதி பிறகு அதைப் பெருமளவு குறைத்தார்.

மறு ஆண்டே கிப் விஸ்குசி என்ற பொருளாதார அறிஞர், கற்பனை வழக்குகளைச் சாதாரணக் குடிமக்களிடம் கொடுத்து, ஜூரியாக இருந்தால் என்ன தண்டிப்பீர்கள் என்று கேட்டு ஆய்வு வெளியிட்டார். அபாயத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்த்த நிறுவனத்தை, கணக்கே பார்க்காத நிறுவனத்தைவிடக் கடுமையாகத் தண்டிக்கும் போக்கு அதில் தெரிந்தது. நிறுவன வழக்கறிஞர்களுக்கு இதில் கிடைக்கும் பாடம் என்ன என்பதை ஊகிப்பது கடினமில்லை.

2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இன்னொரு குறைக்காகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் முன் நின்றது. ஓடும்போதே அணைந்து, காற்றுப்பைகளையும் செயலிழக்கச் செய்த இக்னிஷன் சுவிட்ச். பின்னர் நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அந்த விசாரணையில் 2008-ஆம் ஆண்டு ஊழியர் பயிற்சிக் குறிப்பு ஒன்று வெளியானது. அறிக்கைகளில் எழுதக் கூடாத சொற்களின் பட்டியல் அதில் இருந்தது. 'பிரச்சினை' என்று எழுதாதே, 'விஷயம்' என்று எழுது. 'குறைபாடு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி செயல்படவில்லை' என்று எழுது. இது அந்த 11 டாலர் அட்டவணையால் விளைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பின்னால் வந்தது என்பதாலேயே அதனால் வந்தது ஆகிவிடாது. ஆனால் அந்தப் பட்டியலின்படி எழுதப்பட்ட அறிக்கையில் எத்தனை பேர் சாகக்கூடும் என்ற வரி இருக்காது. திருத்தவும் எதிர்த்து வாதாடவும் நீதிமன்றத்தில் நீட்டவும் அங்கே ஒரு தாளே இருக்காது.